சீனிச்சாமி சொல்லாமல் விட்டது

"இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடி பாப்பா, ஆடுதுல்ல" என்று சீனிச்சாமி மேலிருந்து சொன்னதும் சுகந்தி ஸ்டூலின் கால்களைப் பிடித்திருந்த கைகளை இறுக்கினாள். முகத்துக்கு நேராக அவருடைய பாதங்கள். வெடித்த குதிகால், வெடிப்புக்குள் கறுத்த அழுக்கு, எப்போதோ பெயர்ந்து கோணலாக முளைத்த கட்டைவிரல் நகம். துளை போடும் மெஷின் சுவருக்குள் ஏறும்போதெல்லாம் ஸ்டூல் அதிர்ந்தது. அந்த அதிர்வு அவள் முழங்கை வரை வந்தது. சுண்ணாம்புத்தூள் உச்சந்தலையிலும் இமையிலும் உதிர்ந்தது, துடைக்கக் கை இல்லை. இந்தக் கையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகாது. அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, "பயந்துட்டியா பாப்பா" என்று சிரிப்பார். முப்பது முடிந்தவளைப் பாப்பா என்று கூப்பிட அவருக்கு உரிமை இருந்தது. அப்பாவை அண்ணன் என்றும் அம்மாவை மதினி என்றும் கூப்பிட்டுச் சேர்த்த உரிமை. அவள் பதிலுக்குச் சித்தப்பா என்பாள். தெருவுக்கு முதன்முதலில் கேபிள் இழுத்ததும் அவர்தான், இப்போது இன்டர்நெட் கொடுப்பதும் அவர்தான். சற்றுமுன், அம்மா அடுப்படிக்குப் போன பிறகு, மெஷினை எடுக்கப் பைக்குள் குனிந்தவர், குனிந்தபடியே குரலைத் தணித்து அதைச் சொன்னார். "மாப்ள வீட்ல எல்லாத்தையும் நல்லவிதமாத்தான் சொல்லிருக்கேன். ஒண்ண மட்டும் சொல்லாம விட்டுட்டேன் பாப்பா. அது நமக்குள்ள இருக்கட்டும்." சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டவில்லை. சிமிட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும், ஒரு பொறுக்கியை வெறுப்பதில் சிரமம் இல்லை. ஆனால் அது, காய்ச்சல்கார மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற தகப்பனின் முகம். பிறகு அவர் ஸ்டூலில் ஏறிவிட்டார். அவள் பிடித்துக்கொண்டாள். எதை? எந்த ஒன்றை?

இன்று வந்து வாசலில் செருப்பை விடும்போதே அவர் ஆரம்பித்துவிட்டார். "மதினி, நேத்து நம்ம ஆபீசுக்கு யாரு வந்தா தெரியுமா? மாப்ளையோட தாய்மாமன், பெருமாள்சாமி. டீ வாங்கிக் குடுத்தேன். குடிச்சிட்டு, சீனி, அந்தத் தெருவுல உனக்குத் தெரியாத வீடு கெடையாது, பொண்ணு எப்படி, நீ ஒரு வார்த்த சொல்லுன்னாரு. நான் எதுக்குண்ணே சொல்லணும், அந்த வீட்டு நெட்டுல என்னென்ன பாக்குறாகன்னு நீங்களே பாருங்கன்னு கம்ப்யூட்டரத் திருப்பி வச்சுட்டேன்." அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "என்ன பாத்தாக?" என்றாள், ஒரு பரீட்சை முடிவைக் கேட்கிற ஆவலோடு. "என்னத்தப் பாக்க? காலைல சாமி பாட்டு. அப்புறம் சமையல். மில்லு வேலை சம்பந்தமா ஏதோ, பேங்கு, அம்புட்டுத்தான். பொழுது அடஞ்சா வீடே அடங்கிருது. பெருமாள்சாமி, இந்தக் காலத்துல இப்படியும் ஒரு பிள்ளையான்னு எந்திரிச்சுப் போயிட்டாரு." அம்மாவின் முகம் அப்போது மலர்ந்த விதத்தை சுகந்தி மன்னிக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க அண்ணன் இல்லாத கொறைய நீங்கதான் தம்பி தீர்க்கீக" என்று அம்மா சொன்னாள். அவர் பையிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்து, "புது நெட்டுப் பெட்டி மதினி. இன்னைக்கு ரேணுகா பாப்பா மஸ்கட்லருந்து பேசும்போது படம் நிக்காது. காசெல்லாம் கேக்கப்படாது. சித்தப்பன் சீருன்னு வச்சுக்கங்க" என்றார். போன தடவை மாப்பிள்ளையின் அக்கா ரேணுகா வீடியோவில் கூப்பிட்டபோது படம் உறைந்து, சுகந்தி பாதிக் கண் மூடி வாய் கோணி அப்படியே நின்றுவிட்டாளாம். அதை நல்ல சகுனமில்லை என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இன்று இந்தப் பெட்டி, இந்தத் துளை, இந்தத் தூள். ரேணுகா பார்த்துத் திருப்தி என்று சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவார்கள்.

விசாரிக்காமல் இந்த ஊரில் யாரும் பெண் எடுப்பதில்லை, அது அவளுக்குத் தெரியாததல்ல. இஸ்திரி போடுகிறவரிடம் கேட்பார்கள், பால்காரரிடம் கேட்பார்கள், கோயில் வாசலில் பூ விற்கிறவளிடம் நைசாகப் பேச்சுக் கொடுப்பார்கள். பெரியப்பா மகள் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் மளிகைக்கடை பெஞ்சில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து, அவள் தெருவில் எப்படி நடக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போனதை வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். தெருவில் நடந்தால் தெரு பார்க்கும், சரி. அதற்குத்தான் தெருவில் இறங்கும்போது துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்கிறோம், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறோம். ஆனால் இது தெரு இல்லையே. இது கதவைச் சாத்தி, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, முகத்தை எந்த மாதிரியும் வைத்துக்கொள்ளாமல் இருக்கிற இடம். பின்சுவரில் ஏறிக் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தவன் என்றால் இந்தத் தெருவே சேர்ந்து விளக்குக் கம்பத்தில் கட்டியிருக்கும். இவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொருவருக்கும் திருப்பிக் காட்டினார். அதற்கு அம்மா சர்க்கரை கூடப் போட்டுக் காபி போடுகிறாள். இந்தக் கோபத்துக்கு ஒரு பெயர் இருந்தாலாவது கையில் பிடித்துக்கொள்ளலாம். என்ன செய்துவிட்டார், நல்லதாகத்தானே சொன்னார் என்று அம்மா கேட்பாள். இன்னொரு அசிங்கம், அந்த நல்லதுகூட அவளுடையது இல்லை. சாமி பாட்டு அம்மா கேட்பது. சமையலும் அம்மா பார்ப்பதுதான். வாழைப்பூ வடையைப் பத்து விதமாகச் செய்கிறவர்களை அம்மா வாயைப் பிளந்து பார்ப்பாள், பார்த்துவிட்டு வழக்கம்போல் ரசம் வைப்பாள். சுகந்திக்கு வாழைப்பூ ஆயவே தெரியாது. பெருமாள்சாமி எழுந்து போனது அவளைப் பார்த்து அல்ல, அம்மாவைப் பார்த்து. வேண்டுமானால் அம்மாவைக் கட்டிவையுங்கள் என்று நினைத்து, நினைத்ததும் தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மெஷின் நின்றது. சீனிச்சாமி துளைக்குள் வாயால் ஊதினார். எந்த ஒன்று. முழங்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து, அது பரவுமா பரவாதா என்று பார்த்தாளே, அதுவா? மதுரையில் ஒரு தோல் ஆஸ்பத்திரியின் பக்கத்தை அப்போது திறந்தாள். புள்ளி தேமல்தான், போய்விட்டது. ஆனால் தேமல் போன பிறகும் ஒரு மாதம் வரை அவள் எதைத் திறந்தாலும் பாதி வெளுத்த ஒரு பெண்ணின் கன்னம் ஓரத்தில் விளம்பரமாக வந்து நின்றது, செய்தி படிக்கும்போதும், பஸ் நேரம் பார்க்கும்போதும், மில்லில் சம்பளப் பட்டியல் போடும்போதும். பின்னால் வந்த சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு அவள் கழுத்தைப் பார்த்தான். அப்போதே கோபப்பட்டிருக்க வேண்டும். அப்போது வெட்கப்பட்டுத் தொலைத்தாள். தேமல் இல்லையென்றால், மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போனபோது படித்ததா? அது கல்யாணத்தைக் கெடுக்கக்கூடியது, அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அது தயவுதான்; ஒரு பெண்ணின் விலக்குக் கணக்கைத் தெரிந்துகொண்டு, தயவாக வைத்திருக்கிற கேபிள்காரர். அப்பா போன பிறகு தூக்கம் வராமல், டாக்டர் கொடுத்த மாத்திரை பழக்கமாகிவிடுமா என்று தேடியதா? கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிற பெண்களுக்கான விடுதி ஒன்றின் பக்கத்தைப் போய்ப் போய்ப் பார்த்தாளே, ஜன்னலோரக் கட்டில், ஆளுக்கொரு பூட்டுப் போட்ட பீரோ, அந்தப் பூட்டுக்காகவே அந்தப் படத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுவா? பாலிடெக்னிக்கில் கூடப் படித்த சார்லஸின் கல்யாணப் படங்களைத் தேடிப் பார்த்து, அவன் மனைவி தன்னைவிடக் குட்டை என்று அற்பமாகச் சந்தோஷப்பட்டது? உள்ளாடை அளவு தெரியாமல் அட்டவணை பார்த்தது? ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கப் பார்க்க, ஒன்றிலும் ஒரு குற்றமும் இல்லை என்பதும், ஒன்றைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதும் சேர்ந்தே தெரிந்தன. அவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டதால் எல்லாமே அந்த ஒன்றாகிவிட்டது. தொண்டையில் மீன்முள் சிக்கினால் எந்த மீன் என்று கேட்கிற மாதிரி.

மில்லில் பக்கத்து மேஜை ஸ்டெல்லா அக்காதான் இதெல்லாம் எப்படி என்று ஒரு நாள் சொன்னாள். அன்று காலையிலிருந்து சுகந்தியின் போனில், நரைத்த தலையோடு ஓர் ஆணும் பெண்ணும் பூங்கா பெஞ்சில் டீ குடிக்கிற விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. மறுபடியும் ஒரு துணை, நாற்பது கடந்தவர்களுக்கு என்று ஏதோ. "பாருங்கக்கா, என்னக் கெழவியாக்கிட்டானுக" என்று காட்டிச் சிரித்தாள். ஸ்டெல்லா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இப்படித்தான்டி. எங்க வீட்டுக்காரரு வழுக்கைக்கு எண்ணெய் தேடுனாரு. இப்ப எனக்கும் வழுக்க எண்ணெய் வருது, அஞ்சாங் கிளாஸ் படிக்கிற என் மகனுக்கும் வழுக்க எண்ணெய் வருது. ஒரே பெட்டியிலருந்து போற எல்லாரையும் ஒரே குடும்பமாக் கட்டிப் போட்டுர்றான். நீ சரின்னு அமுக்குறீல்ல, அதான்" என்றாள். ஆமாம், அமுக்குகிறாள். எந்தப் பக்கத்துக்குள் போனாலும் கீழேயிருந்து ஒரு பலகை எழுந்து நிற்கும். உங்கள் அந்தரங்கத்தை மதிக்கிறோம் என்று ஆரம்பிக்கும், பிறகு குக்கீ என்று தின்கிற பண்டத்தின் பெயர் சொல்லும், அதன் கீழே பாஷை புரியாத பத்திகள். எல்லாவற்றையும் ஏற்கிறேன் என்பது மட்டும் நீலத்தில், கட்டைவிரல் அளவில். வேண்டாம் என்று சொல்வதற்கும் வழி இருக்கும். சாம்பல் எழுத்தில், இன்னொரு கதவுக்குப் பின்னால், அதற்குள் இருபது தாழ்ப்பாள்களோடு. ஈயை விரட்டுகிற மாதிரி அவள் நீலத்தை அமுக்கிவிட்டுப் போவாள். நீதானே சரி என்றாய் என்று பிறகு யாரும் கேட்கலாம். கோயில் மண்டபத்தில் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அப்படித்தான் கேட்டார்கள். பெருமாள்சாமியின் கையில் இனிப்புத் தட்டு தயாராக இருந்தது, பின்னால் போட்டோ எடுக்க ஒரு பெண் போனைத் தூக்கியிருந்தாள், "என்னம்மா, பிடிச்சிருக்கில்ல?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் சொன்னபோது தட்டைப் பிடித்திருந்த கை எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. அம்மாவுக்கு வேர்த்துவிட்டது.

யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். மாப்பிள்ளை முரளிதரனைப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஓசூரில் வேலை, மெலிந்த குரல், பேசும்போது கேள்வியைப் பாதியில் விட்டுவிடுகிற பழக்கம். மண்டபத் தூணின் நிழல் ஒரு ஆள் அகலத்துக்குத்தான் விழுந்தது. பேச ஒதுங்கியபோது அவன் அந்த நிழலைப் பார்த்தான், பிறகு வெயிலில் போய் நின்றுகொண்டான். அதைச் சொல்லிக்காட்டவில்லை, அவள் கவனித்தாளா என்றும் பார்க்கவில்லை, கண்ணைச் சுருக்கிக்கொண்டே மில் எத்தனை மணிக்கு விடும் என்று கேட்டான். அந்த ஒன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எங்கும் தேடவில்லை, தட்டவில்லை, அதற்கு விளம்பரம் எதுவும் வரவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் ஒரு வாரமாக, மெல்ல, சரி என்கிற பக்கம் நகர்ந்துகொண்டிருந்தாள். இன்று காலைவரை அது அவளுடைய சரியாக இருந்தது. இப்போது மாமன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் போனது முரளிதரனுக்குத் தெரியுமா? தெரிந்து வெயிலில் நின்றானா, தெரியாமலா? இல்லை, மண்டபம் போன வாரம், கம்ப்யூட்டர் நேற்று. நேற்று தெரிந்ததா? பொண்ணு பத்தரை மாத்துத் தங்கம், உரசிப் பார்த்துவிட்டேன் என்று மாமன் போன் போட்டிருப்பார், அவன் என்ன சொன்னான்? சரி மாமா என்றானா? அதை அவனிடமே, அவன் குரலிலேயே கேட்க வேண்டும். அதற்கு முன்னால் யாரும் அவள் வாயிலிருந்து சரி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளக் கூடாது. "அந்த ஸ்க்ரூவ எடு பாப்பா. வெள்ளப் பொட்டலம்." எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது கேட்டாள், "சித்தப்பா, நான் எழுதுறது, பேசுறது எல்லாமா தெரியும்?" சித்தப்பா என்ற சொல் பல்லில் ஒட்டியது. அவர் ஸ்க்ரூவை உதட்டில் கவ்விக்கொண்டே சிரித்தார். "சேச்சே. உள்ள போயி என்ன பண்றீகன்னு நமக்கெதுக்கு? எந்த வாசல்ல நொழைஞ்சீக, எம்புட்டு நேரம் இருந்தீக, அம்புட்டுத்தான் தெரியும்." வாசல். ஒருவன் எந்தெந்த வாசலில் நுழைந்தான் என்று தெரிந்தால் அவன் உள்ளே என்ன செய்தான் என்று யாருக்குத் தெரிய வேண்டும்?

அவரைத் திட்ட முடியவில்லை என்பதுதான் எரிந்தது. அப்பா விழுந்த அன்று ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் கேபிள் வண்டியில் ஒயர்ச் சுருள்களைத் தெருவில் தள்ளிவிட்டு அப்பாவைப் படுக்க வைத்து ஓட்டியவர் இவர். வண்டியிலிருந்து அப்பாவைத் தோளில் தூக்கிப் போனதும் இவர்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் இவர் அழுத அளவுக்கு அவள் அழவில்லை. அந்த வண்டிக்கு இது விலையா? யாரும் விலை கேட்கவில்லை, அதனால்தான் கொடுத்துத் தீரவில்லை. முகம் தெரியாத எவனோ ஒருவன், எங்கேயோ ஒரு ஊரில், அவளுடைய தேமலை எடுத்துக் களிம்புக் கம்பெனிக்கு விற்றான். அவனுக்கு அவள் ஒரு நம்பர், அவளுக்கு அவன் ஒரு நீலப் பொத்தான். அதையாவது எங்கோ நடக்கிற மழை மாதிரி விட்டுவிடலாம். இவர் விற்கவில்லை. சும்மா கொடுத்தார், பாசத்தில் கொடுத்தார், இந்த வீட்டுக்கு நல்லது நடக்கட்டும் என்று கொடுத்தார். பாசத்தில் கொடுப்பவரிடம் எந்தச் சட்டத்தைக் காட்டுவது? "சித்தப்பா, அந்த ஒண்ணு எது?" கேட்டுவிட்டாள். குரல் தன்னுடையது மாதிரி இல்லை. அவர் பெட்டியை ஸ்க்ரூவில் மாட்டி, தட்டிப் பார்த்து, நிதானமாகக் கீழே இறங்கினார். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "விடு பாப்பா. கல்யாணம் ஆகப்போற பிள்ள." "நான் பாத்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆளு பேரு வருமா அதுல?" "ஆளெல்லாம் வராது. வீடுதான் வரும்." உள்ளங்கையால் தூளைத் தட்டிக்கொண்டார். பிறகு அவள் நிற்கிற நிலையைப் பார்த்து இரக்கப்பட்டவர்போல இன்னும் தணிந்த குரலில், "அந்த மறுமணம் பண்ணி வைக்கிற சைட்டு. நாலஞ்சு தடவ போயிருக்கு. நீ சும்மா விளையாட்டுக்குப் பாத்திருப்ப, எனக்குத் தெரியாதா? ஆனா அந்தப் பேர அவரு பாத்தா, பொண்ணுக்கு ஏற்கெனவே ஒண்ணு ஆயிருச்சோன்னு கேப்பாரா இல்லையா? அதான் அந்த வரியை மட்டும் ஒதுக்கிட்டுக் காமிச்சேன்" என்றார்.

நான் இல்லை என்பது நாக்கின் நுனிவரை வந்தது. வந்த வேகத்தில் அங்கேயே நின்றது. அடுப்படியில் அம்மா டபராவைக் கழுவுகிற சத்தம். நான் இல்லை என்றால் இந்த வீட்டில் வேறு யார்? இரண்டே பேர் இருக்கிற வீடு. ஒரு சொல்லை வெளியே விட்டால் அது நேராக நடந்து அடுப்படிக்குள் போய் அம்மாவின் தோளைத் தொடும். பூங்கா பெஞ்ச், நரைத்த தலைகள், இரண்டு டீ. என்னக் கெழவியாக்கிட்டானுக. அவளும் ஸ்டெல்லாவும் சிரித்தார்களே, அலுவலகமே திரும்பிப் பார்க்கச் சிரித்தார்களே. அம்மா வெள்ளெழுத்துக் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாக, மகள் மில்லுக்குப் போன வீட்டில். நாலைந்து தடவை. எதற்கு? மகள் ஓசூர் போன பிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைத்தா? தானாக வந்த விளம்பரத்தில் விரல் பட்டுவிட்டதா? ஒரு ஆளைப் பார்த்து வைத்திருக்கிறாளா, இல்லை சும்மா, மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று, வாழைப்பூ வடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாளா? அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம் இது. அம்மா சொன்னால் தெரியலாம், சொல்லாவிட்டால் தெரியவே கூடாது. இப்போது தெரிந்துவிட்டது, தானும் ஒரு பெருமாள்சாமியாகி, டீயைக் குடித்துக்கொண்டு அம்மாவைத் திரையில் பார்த்துவிட்டாள். அந்தக் கோபம் மற்ற எல்லாக் கோபத்தையும்விடச் சூடாக ஏறியது. இந்த மனிதர் நாளைக்கும் வருவார். மாசா மாசம் வருவார். மதினி என்று கூப்பிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, காபி வாங்கிக் குடிப்பார். அவள் ஓசூரில் இருப்பாள். அந்த வாசல் மறுபடி திறந்தால் அவருக்குத் தெரியும், அப்போது பாப்பா இங்கே இருக்கமாட்டாள் என்பதும் தெரியும். "ஆமா சித்தப்பா" என்றாள். "வெளையாட்டுக்குத்தான் பாத்தேன்." அவர் தலையாட்டினார். "அதான பாத்தேன். இனிமே அதெல்லாம் வேணாம், என்ன?" என்று அவள் தலையிலிருந்த சுண்ணாம்புத்தூளைத் தட்டிவிட்டார்.

அம்மா காபியோடு வந்தாள். புடவை மாற்றியிருந்தாள், நெற்றியில் சின்னதாக விபூதி. சீனிச்சாமி வாசலைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து டபராவில் ஆற்றினார். புதுப் பெட்டியில் பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியத் தொடங்கின. அதன் ஒயர் சுவரோடு இறங்கி, சுகந்தி நின்ற இடத்துக்குப் பக்கத்தில், கதவுக்குப் பின்னாலிருந்த சுவிட்ச் போர்டில் செருகியிருந்தது. "இந்தா, மதினி, போன எடுங்க, கூப்புடுறாக பாருங்க" என்றார். அம்மாவின் போனுக்கு இந்தப் பெட்டியை விட்டால் வேறு நெட் கிடையாது. அம்மா இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்தாள். மஸ்கட்டில் ஒரு ஏசி அறை, ரேணுகாவின் அகலமான நல்ல முகம். "அத்தே, சௌக்கியமா? இன்னைக்கு எம்புட்டுத் தெளிவா இருக்கு! பொண்ணு எங்க, காட்டுங்க." அம்மா போனைத் திருப்பினாள். சுகந்தி கும்பிட்டாள். போனுக்குள் அவள் சின்னதாகக் கும்பிட்டாள், இமையில் வெள்ளைத் தூளோடு. "என்ன சுகந்தி, தலையில பவுடரு கொட்டியிருக்கு? இப்பவே கல்யாணக் களையா?" என்று ரேணுகா சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். சீனிச்சாமி, "சித்தப்பன் வேலைம்மா அது" என்று நாற்காலியிலிருந்தே சத்தமாகச் சொன்னார். "யாரு அது?" "நம்ம கேபிள் தம்பி. உங்க மாமாட்டக்கூட..." "ஓ, அவரா! மாமா சொன்னாக, சொன்னாக. எல்லாம் விசாரிச்சாச்சு, தங்கமான பொண்ணுன்னு." முரளியும் அதைத்தான் சொன்னானா என்று கேட்க சுகந்தி ஓரடி எடுத்து வைத்தாள். அதற்குள் அம்மா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இப்போது அதில் அம்மாவின் முகம் இருந்தது, ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள். அம்மா அந்தக் கட்டத்தைப் பார்த்துத் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொள்வதை சுகந்தி பார்த்தாள். பார்த்த கண்ணைத் தரைக்கு இறக்கினாள்.

"அப்ப வெள்ளிக்கிழம பூ வச்சிரலாம் அத்தே. உங்க பக்கம் சம்மதந்தான? பொண்ணு என்ன சொல்லுது?" என்றது போன். மறுபடியும் அந்த நீலப் பொத்தான். அம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவளுக்கென்ன ரேணுகா, அவளுக்குப் பூரண..." சுகந்தியின் கை கதவுக்குப் பின்னால் போனது. பிளக் புதிது, இறுக்கமாக இருந்தது, ஒரு தரம் ஆட்டி இழுக்க வேண்டியிருந்தது. "ஹலோ," என்றாள் அம்மா. "ரேணுகா? கேக்குதா? ஏ தம்பி, நின்னுபோச்சே." சீனிச்சாமி காபியை உறிஞ்சினார், திரும்பவில்லை. "புதுப் பெட்டில்ல மதினி, செட்டாக நேரம் ஆகும். வாசப் பக்கம் போயிப் பிடிங்க, எடுக்கும்." அம்மா போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு இறங்கினாள். ஹலோ, ஹலோ என்று அவள் வெயிலைப் பார்த்துச் சொல்வது உள்ளே கேட்டது. சுகந்தி கதவுக்குப் பின்னால் நின்றபடி, பிளக்கின் சூடு ஆறுவதற்குள், ஒயரை உள்ளங்கையில் ஒரே அளவாகச் சுற்றத் தொடங்கினாள்.